தாய் ப்ராஜெக்ட் எங்களை நம்பவில்லை, என்ன செய்வது?

கேள்வி:

நாங்கள் நான்கு பேர். தொழிற்சாலை சென்சார்களின் அளவீடுகளைச் சேகரித்துக் காட்டும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறோம். வெளிநாட்டுக் குழு ஒன்று நடத்தும் பழைய ப்ராஜெக்ட்டிலிருந்து பிரிந்து வந்த ஃபோர்க் இது. நாங்கள் அனுப்பிய பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்ததால் பிரிந்தோம். இன்றும் பாதிக்கு மேல் நிரல் இரண்டிலும் ஒன்றுதான். அவர்களுடைய திருத்தங்களை வாராவாரம் எடுத்துக்கொள்கிறோம். போன மாதம் அவர்கள் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து ரிலீஸ் விட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் அவசரமாகச் சரிசெய்து வெளியிடும் வரை எங்கள் பயனர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கேட்டதற்கு, “ராத்திரியோடு ராத்திரியாகப் பிரிந்து போனவர்களை எப்படி நம்புவது? எங்கள் கமிட்களை (ரெப்போவில் பதிவான திருத்தங்களை) எடுக்கிறீர்கள், எங்கள் பெயரை அழித்துவிடுகிறீர்கள்” என்று பதில் வந்தது. இனி நாம் கண்டுபிடிக்கும் ஓட்டைகளையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாம், யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி லைசென்ஸிலிருந்து, எடுப்பவரும் தன் நிரலை அதே விதியில் திறந்து வைக்கச் சொல்லும் ஏஜிபிஎல்லுக்கு மாறிவிட்டால் நம் நிரலை அவர்களால் எடுக்கவும் முடியாது என்கிறார்கள் குழுவில் இருவர். செய்யலாமா?

(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். லைசென்ஸ் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர்கள் சொன்ன இரண்டு குறைகளைப் பார்க்க வேண்டும். அவை உண்மையா பொய்யா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பெயர் விஷயத்தில் உண்மைதான். நீங்கள் அனுப்பியிருந்த ரெப்போவை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை) திறந்து பார்த்தேன். வாராவாரம் எடுக்கும் திருத்தங்கள் மொத்தத்தையும் ஒரே கமிட்டாக அமுக்கி, “அப்ஸ்ட்ரீம் சிங்க்” (தாய் ப்ராஜெக்ட்டோடு ஒத்திசைவு) என்று தலைப்புப் போட்டு, உங்களில் ஒருவர் பெயரில் ஏற்றுகிறீர்கள். யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்தது இல்லை, வசதிக்காகச் செய்தது. ஆனால் அந்தப் பக்கம் இருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் ராத்திரி கண்விழித்துக் கண்டுபிடித்த பக், உங்கள் வரலாற்றில் உங்கள் ஆளின் வேலையாக நிற்கிறது.

இதைச் சரிசெய்வது சுலபம். நிரலின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் ஒவ்வொரு கமிட்டுக்கும் எழுதியவர் ஒருவர், ஏற்றியவர் ஒருவர் என்று இரண்டு இடம் இருப்பதே இதற்காகத்தான். ஒரு கமிட்டை மட்டும் எடுத்துவரும் செர்ரி-பிக் கட்டளையில் எடுத்தால் எழுதியவர் பெயர் தானாகவே தங்கிவிடும். மைனஸ் எக்ஸ் சேர்த்துக்கொண்டால், எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்ற வரியும் செய்தியின் அடியில் சேரும். இனி அப்படியே எடுங்கள். பழைய வரலாற்றைத் திருத்தி எழுதப் போகாதீர்கள், உங்கள் ரெப்போவை எடுத்து வைத்திருக்கிற எல்லோருக்கும் தலைவலி. எந்த சிங்க் கமிட்டில் அவர்களுடைய எந்தெந்தக் கமிட்கள் அடங்கியிருக்கின்றன என்று ஒரு கோப்பில் எழுதி ரெப்போவிலேயே வைத்தால் போதும். லைசென்ஸ் கோப்பில் அவர்களுடைய பதிப்புரிமை வரி அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மரியாதை சார்ந்தது மட்டும் இல்லை, எம்ஐடி லைசென்ஸின் நிபந்தனையே அதுதான்.

இது உங்களுக்கே ஒரு நாள் உதவும். கிளவுட் சர்வர்களை அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் மென்பொருளின் லைசென்ஸை ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் மாற்றியது. அதிலிருந்து பிரிந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் வந்தது ஓப்பன்டோஃபு. 2024 ஏப்ரலில், புதிய லைசென்ஸில் இருக்கும் எங்கள் நிரலை எடுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று ஹாஷிகார்ப்பின் வக்கீல் கடிதம் அவர்களுக்கு வந்தது. ஓப்பன்டோஃபு குழு கோபமாக அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. சர்ச்சைக்குரிய பகுதி எங்கிருந்து வந்தது, மாற்றத்துக்கு முன்பே திறந்த லைசென்ஸில் இருந்த எந்தப் பழைய நிரலிலிருந்து எழுதப்பட்டது என்று அருகருகே வைத்துக் காட்டும் ஆவணத்தைத் தயாரித்து, வந்த கடிதத்தையும் சேர்த்துப் பொதுவில் போட்டது. எது எங்கிருந்து வந்தது என்று காட்டும் வரலாறு கையில் இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும். நாளைக்கு உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், “அப்ஸ்ட்ரீம் சிங்க்” கமிட்களை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பீர்கள்?

அப்புறம், ராத்திரியோடு ராத்திரியாகப் பிரிந்தது. பிரிந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பேட்ச்கள் மாதக்கணக்கில் தூங்கினால் யாரும் பிரிவார்கள், அதற்கான உரிமை லைசென்ஸிலேயே இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது என்றால், அந்தக் காயம் ஆற நாளாகும். இதில் ஓப்பன்டபிள்யூஆர்டி கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு ரவுட்டர்களில் போடும் லினக்ஸ் அது. அதன் மையக் குழுவிலேயே இருந்த சிலர் 2016 மே மாதம் லீட் என்ற பெயரில் தனி ப்ராஜெக்ட் அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது வெளிப்படைத்தன்மை இல்லை என்பது. முடிவுகள் எங்கே, யாரால் எடுக்கப்படுகின்றன என்று தெரியவில்லை, சர்வர்களின் சாவி ஓரிருவர் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, புதியவர்கள் உள்ளே வர வழியில்லை என்றார்கள். எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் வெளிப்படைத்தன்மைக்காகத் தொடங்கிய அந்த ப்ராஜெக்ட்டை அவர்கள் திட்டமிட்டது ரகசியமாக. கூட வேலை செய்த மற்றவர்களுக்கே அறிவிப்பு வந்த அன்றுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் முதலில் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். பதிலுக்குப் பிரிந்தவர்களின் ஓப்பன்டபிள்யூஆர்டி மின்னஞ்சல் முகவரிகள் வேலை செய்யாமல் போயின. வருடக்கணக்காக எத்தனையோ கமிட்களிலும் ஆவணங்களிலும் அச்சாகியிருந்த முகவரிகள் அவை. அந்தக் கோபம் தனி.

அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை என்பதால்தான் சொல்கிறேன். லீட் குழு தன் விதிகளை எழுதி வைத்தது. வாக்கெடுப்பு பொதுவில் நடக்கும், கமிட் உரிமை உள்ள எல்லோருக்கும் சமமான ஓட்டு, ப்ராஜெக்ட் டொமைனில் யாருக்கும் மின்னஞ்சல் முகவரி கிடையாது என்றெல்லாம் அதில் இருந்தது.  2017 பிப்ரவரியில் தன் முதல் ரிலீஸை விட்டது. நடுவில் இரு தரப்பும் பேசிக்கொண்டே இருந்தார்கள், பேச்சு பல மாதம் இழுத்தது. 2018 ஜனவரியில் இரண்டும் மறுபடி ஒன்றாயின. பெயர் ஓப்பன்டபிள்யூஆர்டி, விதிகள் லீட் போட்டவை. என் கணிப்பில் சேர்வதற்கு உதவியது அந்த எழுதிய விதிகள்தான். எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்று வரி வரியாகப் பேச ஒரு காகிதம் இருந்தது. யார் நல்லவர் என்று பேசிக்கொண்டிருந்தால் இன்று வரை பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆக, பிரிந்த விதத்துக்காக இரண்டு வரி எழுதுங்கள். “முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, வருந்துகிறோம்” என்று நிறுத்திவிடுங்கள். கூடவே, கிடப்பில் போட்ட பேட்ச்களின் பட்டியலைச் சேர்க்காதீர்கள். கை அரிக்கும், எனக்குத் தெரியும்.

இனிப் பாதுகாப்பு ஓட்டை. உங்கள் கடிதத்தின் நிஜமான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டாலும் கிணறு பொதுவாகவே இருக்கும்; யார் என்றைக்கு இறைப்பது என்று முறை வைத்துக்கொள்வார்கள், பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளிலும் அந்த முறை நடக்கும். பாதி நிரல் பொதுவாக இருக்கும் இரண்டு ப்ராஜெக்ட்டுகளுக்கு ஓட்டைகளும் பொது. அவர்கள் அடைத்து வெளியிடும் ஒவ்வொரு திருத்தமும், உங்களிடம் அதே ஓட்டை திறந்தே இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிறது. நீங்கள் அடைத்தால் அவர்களுக்கும் அதே கதிதான்.

இதில் பெரியவர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். இணையத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானதும், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஆட்கள் அதிலிருந்து பிரிந்து லிப்ரெஎஸ்எஸ்எல் தொடங்கினார்கள். பழைய குழுவின் நிரலைப் பொதுவில் வைத்துக் கிண்டலும் செய்தார்கள். அதே ஜூனில் ஓப்பன்எஸ்எஸ்எல் இன்னொரு பெரிய ஓட்டையை அடைத்தது. லினக்ஸைத் தொகுத்துத் தரும் விநியோகங்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தகவல் போயிருந்தது, லிப்ரெஎஸ்எஸ்எல் குழுவுக்குப் போகவில்லை. அவர்கள் கொதித்தார்கள். ஆனால் முன்னறிவிப்பு போன அந்த மூடிய மின்னஞ்சல் பட்டியலில் ஓப்பன்பிஎஸ்டி உறுப்பினராகவே இல்லை. வேண்டுமென்று விட்டார்களா, வழி இல்லாததால் விட்டுப்போனதா என்று ஆளுக்கு ஒன்று சொல்லலாம். எது எப்படியோ, ஓட்டை வந்து நிற்கும்போது யாருக்குச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும்.

சொல்லத் தயங்குகிறவர்களின் பக்கமும் ஒன்று உண்டு. 2017-இல் வைஃபையைப் பாதுகாக்கும் டபிள்யூபிஏ2 நெறிமுறையில் ‘கிராக்’ என்ற ஓட்டையை மேத்தி வான்ஹூஃப் கண்டுபிடித்தார். எல்லோரும் அக்டோபர் 16 வரை வாயைத் திறக்கக்கூடாது என்று ஏற்பாடு. ஓப்பன்பிஎஸ்டி குழு அத்தனை நாள் காத்திருக்க விரும்பாமல், அவருடைய அரைமனதான சம்மதத்தோடு ஆகஸ்டிலேயே சத்தமில்லாமல் திருத்தத்தைப் போட்டுவிட்டது. திறந்த ரெப்போவில் போடும் எந்தத் திருத்தத்தையும் கூர்மையான கண் ஒன்று பார்த்துவிட முடியும். அடுத்த முறை ஓப்பன்பிஎஸ்டிக்குக் கடைசி நேரத்தில்தான் சொல்லப்படும் என்று வான்ஹூஃப் வெளிப்படையாகவே எழுதினார். உங்கள் தாய் ப்ராஜெக்ட்டின் பயமும் இதுதான். உங்களிடம் சொன்னால் நாலு நாள் முன்னதாக நீங்கள் ரிலீஸ் விட்டுவிடுவீர்களோ என்று.

எனவே நம்புங்கள் என்று கேட்காதீர்கள். முறை ஒன்றை எழுதி அனுப்புங்கள். இரு பக்கமும் இரண்டிரண்டு பெயர்கள், அவர்களுடைய குறியாக்கச் சாவிகள். ஓட்டை தெரிந்தால் எத்தனை நாள் மூடி வைப்பது என்பதற்கு ஓர் உச்சவரம்பு. லினக்ஸ் விநியோகங்களின் மூடிய பட்டியலில் 14 நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை, உங்கள் அளவுக்கு ஒரு வாரமே தாராளம். வெளியிடும் தேதியைக் கண்டுபிடித்த தரப்பு முடிவு செய்யும், மற்றவர் அந்த நிமிடத்துக்கு முன் எதையும் பொது ரெப்போவில் தள்ளக்கூடாது. தேதி முடிந்ததும் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் பொதுவில் வரும். இந்தக் கடைசி விதியை விட்டுவிடாதீர்கள். ரகசியம் தேவைப்படும் இடத்தில் அதற்கு முடிவுத் தேதி இருந்தால், பின்னால் வருகிறவர் யாரும் முழுக் கதையையும் படித்துப் பார்க்கலாம்.

இதை அனுப்புவதற்கு முன்னால், உங்கள் கையில் இருக்கும் ஒரு விஷயத்தை அவர்களுக்குக் கொடுங்கள். பொது நிரலில் நீங்கள் மட்டும் அடைத்து வைத்திருக்கும் பழைய பக் ஏதாவது நிச்சயம் இருக்கும். அவர்களுடைய கிளையில் அப்படியே பொருந்துமாறு பேட்ச் செய்து, எப்படி மறுபடி வரவழைத்துப் பார்ப்பது என்ற குறிப்போடு அனுப்புங்கள். அது ஓட்டை என்றால் பொது இடத்தில் வேண்டாம், அவர்கள் பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள்.

உள்ளூரில் நீங்கள் செய்யும் மாற்றங்களும் வெளியே தெரிய வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் பட்ட பாடு இதற்குப் பாடம். 2006-இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர், சோதனைக் கருவி எச்சரிக்கை கொடுத்த இரண்டு வரிகளை ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து நீக்கினார். அதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் கேட்கவும் செய்தார். பிழை தேடுவதற்காக நீக்குகிறார் போல என்ற அர்த்தத்தில் தலையாட்டினார்கள். ஆனால் அந்தப் பேட்ச் அவர்களிடம் திரும்பிப் போகவே இல்லை, டெபியனிலும் உபுண்டுவிலும் பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது. நீக்கியதில் ஒரு வரி தற்செயல் எண்களுக்கு உயிர். 2008 மே மாதம் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஒரே வகையான கணினியில் ஒரே நீளமுள்ள சாவிக்கு வெறும் 32,768 சாத்தியங்கள்தான் இருந்தன. தொலைவிலிருந்து சர்வரில் நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் சாவிகளை உலகம் முழுக்க மாற்ற வேண்டி வந்தது. கேட்டோம், சரி என்றார்கள் என்பது போதாது. இதுதான் பேட்ச், இதைத்தான் பயனர்களுக்கு அனுப்பப் போகிறோம் என்று காட்ட வேண்டும். இன்று உங்களிடம் தனியாக இருக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன், எப்போது, அவர்களிடம் அனுப்பினோமா, என்ன பதில் வந்தது என்று மேலே நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த மாதிரி விபத்து பாதி குறையும்.

இத்தனையும் அவர்கள் உங்களை நம்புவதற்கு. நீங்கள் அவர்களை எந்த அளவு நம்பலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாராவாரம் மொத்தமாக அள்ளிப் போடுகிறீர்கள் என்றால் ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். 2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் பின்வாசல் இருப்பது வெளியானதே, ஞாபகம் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள் வருடக்கணக்கில் பணிவாக, உதவியாக வேலை செய்து பராமரிப்பாளர் ஆனவர். எல்லோருக்கும் பிடித்தமான ஆள். பின்வாசலை இயக்கிவிடும் வரிகள் கிட் ரெப்போவில் இல்லை, ரிலீஸ் டார்பாலில் (வெளியீட்டுக்கென்று கட்டித் தரும் கோப்புத் தொகுப்பில்) மட்டும் இருந்தன. எஸ்எஸ்ஹெச்சில் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் தோண்டியதால் பிடிபட்டது. அதனால் டார்பாலிலிருந்து எடுக்காதீர்கள், ரெப்போவில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் கையொப்பமிட்ட டேக்கிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு கமிட்டையும் ஒருவராவது படித்துவிட்டுத் தன் பெயரைப் போடட்டும். உங்கள் ரிலீஸும் டேக்கிலிருந்து தானாகக் கட்டப்பட்டு, யார் கட்டினாலும் அதே கோப்பு வருமாறு இருக்கட்டும். அவர்களும் உங்களைச் சோதித்துப் பார்க்க அப்போது வழி இருக்கும்.

இன்னொன்று. உங்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் தாய் ப்ராஜெக்ட்டைப் பற்றி “இப்போது பராமரிப்பில் இல்லை” என்று ஒரு வரி பார்த்தேன். போன மாதம் ரிலீஸ் விட்டவர்களைப் பற்றி இப்படி எழுதலாமா? வீடியோ, ஆடியோ கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கிலிருந்து 2011-இல் லிப்ஏவி பிரிந்தபோது, டெபியனும் உபுண்டுவும் சில வருடம் லிப்ஏவியைத்தான் கொடுத்தன. அதில் எஃப்எஃப்எம்பெக் கட்டளையை அடித்தால், இது வழக்கொழிந்தது, வேறு கட்டளையைப் பயன்படுத்துங்கள் என்று செய்தி வரும். அது அந்தக் கட்டளையைப் பற்றித்தான் சொன்னது. படித்தவர்களோ எஃப்எஃப்எம்பெக்கே செத்துப்போனது என்று நினைத்தார்கள். அது சாகவில்லை, லிப்ஏவியின் மாற்றங்களையும் தொடர்ந்து உள்ளே இழுத்துக்கொண்டு வளர்ந்தது. 2015-இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. பிற்பாடு லிப்ஏவிதான் ஓய்ந்துபோனது. அந்த ரீட்மீ வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சரி, லைசென்ஸ். சட்டப்படி மாறலாம். எம்ஐடி நிரலை, அதன் குறிப்பைக் காப்பாற்றிக்கொண்டு, ஏஜிபிஎல் மென்பொருளுக்குள் வைக்கத் தடை இல்லை. மாறிய பின் நீங்கள் அவர்களிடமிருந்து எடுப்பீர்கள், அவர்கள் தாமும் ஏஜிபிஎல்லுக்கு வராமல் உங்களிடமிருந்து எடுக்க முடியாது. ஒரே அலுவலக மென்பொருளிலிருந்து வந்த லிப்ரெஆஃபிஸுக்கும் அப்பாச்சி ஓப்பன்ஆஃபிஸுக்கும் நடுவே இந்த ஒருவழிப் பாதைதான் இருக்கிறது. அப்பாச்சி லைசென்ஸில் உள்ளதை லிப்ரெஆஃபிஸ் எடுக்கலாம், திரும்பிப் போகாது. அதன் விலையைக் கொடுத்தது பயனர்கள். 2015 ஏப்ரலில் இரண்டுக்கும் பொதுவான பழைய பகுதி ஒன்றில், கொரிய மொழிக் கோப்புகளைத் திறக்கும் வடிகட்டியில், ஓட்டை வெளியானது. லிப்ரெஆஃபிஸில் திருத்தம் அப்போதே வந்துவிட்டது. ஓப்பன்ஆஃபிஸ் அந்த வடிகட்டிக் கோப்பைக் கையால் நீக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, திருத்திய பதிப்பை அக்டோபரில்தான் விட்டது. அந்தத் தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறை உள்பட வேறு காரணங்களும் உண்டு, லைசென்ஸை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே திணறுகிற பங்காளிக்குக் கதவையும் சாத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பெரிய கிளவுட் கம்பெனிகள் உங்கள் வேலையை எடுத்து விற்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்பது காரணமாக இருந்தால் ஏஜிபிஎல் நல்ல தேர்வுதான். அப்படி மாறுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னதாக, காரணத்தோடும் தேதியோடும், அவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டுப் பொதுவில் அறிவியுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எம்ஐடியிலும் சேர்த்துத் தருகிறோம் என்று பங்களிப்பு விதிகளில் ஒரு வரி போடுங்கள். அந்தப் பேட்ச்களை எழுதுவது நீங்கள் நால்வர்தான் என்பதால் வேறு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. வெளியாட்கள் அனுப்பும் பாதுகாப்புப் பேட்ச்களுக்கு, ஏற்றுக்கொள்ளும்போதே இரண்டு லைசென்ஸிலும் தருகிறேன் என்ற ஒப்புதலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.